முப்பத்தேழாவது கேள்வி

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடிக் காட்டுங்கம்மா, அட்டையை மட்டும் பாத்துக்கிறேன். ஆங், நெனச்சேன். இன்பராசு போட்டதுதான். நீல அட்டை, நடுவுல பூமி உருண்டை. தப்பா நெனச்சுக்காதீங்க, பஸ்ஸுல எதுத்த வரிசை சீட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க படிக்கிறதை எட்டிப் பாக்குற ஆள் இல்ல நான். ஆனா இந்தப் புத்தகத்தை எங்க கண்டாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. எரநூத்துப் பன்னெண்டாம் பக்கம் எடுங்க. இசைப் பகுதி. முப்பத்தேழாவது கேள்வி. எனக்குக் கேக்குற மாதிரி வாசிங்க.

"முல்லை நில ஆயர்கள் மழை வேண்டி இசைத்த, ஒன்பது நரம்புகளைக் கொண்ட கருவி எது?"

பதில் என்ன போட்டுருக்கு? செவ்வந்தி யாழ். சரியா?

அது பொய்ம்மா. சுத்தப் பொய். அப்படி ஒரு கருவி இந்த உலகத்துல இருந்ததும் இல்ல, இருக்கவும் இல்ல. யாரு சொன்னான்னா, நான் சொல்றேன். அந்தப் பொய்யை உண்டாக்குனவனே நாந்தான்.

சிரிக்காதீங்க. நீங்க எதுவரைக்கும் போறீங்க? ராஜபாளையமா? நானும் அங்கதான். அப்ப நேரம் இருக்கு. கல்லுப்பட்டியே இன்னும் வரல.

எம்பேரு திரவியநாதன். மதுரையில ஒரு கிளை நூலகத்துல உதவியாளரா இருந்தேன். 'பத்தாயிரம் பொது அறிவு வினா விடை' நம்ம புத்தகந்தான். பாத்ததில்லையா? பரவால்ல. இப்பல்லாம் கடைக்காரய்ங்க இன்பராசு புத்தகத்தைத்தான் முன்னால தொங்கவிடுறாய்ங்க.

நான் அதை எப்படிச் சேத்தேன்னு கேளுங்க. தினசரி காலண்டர்ல தாளைக் கிழிச்சா பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கும்? அதுல ஒரு கேள்வி, ஒரு பதில். வீட்டுல அஞ்சு பிஸ்கட் டப்பா வச்சிருந்தேன். சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம், இசை, தொழில்நுட்பம். கிழிச்ச தாளு எந்த டப்பாவுக்குப் போகணுமோ அதுல போயிரும். பதினேழு வருசம் சேத்தேன். வெள்ளிக் கிரகத்துல ஒரு நாளுங்கிறது அதோட ஒரு வருசத்தைவிடப் பெருசு, தெரியுமா? விஞ்ஞான டப்பா. பேரியாழுக்கு இருபத்தோரு நரம்பு. இசை டப்பா. இன்னைக்கும் என்னை உசுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

எம்பொண்டாட்டி பேரு செவ்வந்தி.

ஆமா. அதே பேருதான். பொறுங்க, அதுக்குத்தான் வர்றேன்.

புரூஃப் பாக்குறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அச்சாகுறதுக்கு முன்னால அச்சகத்துல தாளு குடுப்பாய்ங்க. அதைத் தனியாப் பாக்கக் கூடாது. ஒருத்தர் மூலத்தை வாசிக்கணும், இன்னொருத்தர் அச்சுத் தாளுல கண்ணை ஓட்டணும். அப்பத்தான் தப்பு மாட்டும். நான் வாசிப்பேன், செவ்வந்தி பாப்பா. மைப்பேனாவுல செகப்பு மை ஊத்தி வச்சிருப்பா. சோறு ஒரு பக்கம் வெந்துக்கிட்டு இருக்கும். நான் "ஆப்பிரிக்காவின் உயரமான மலை"ம்பேன், அவ "கிளிமஞ்சாரோ, சரியா இருக்கு"ம்பா. இப்படியே பத்துப் பதிப்பு. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. எங்க வீட்டுல பேச்சுன்னா அதுதான், கேள்வியும் பதிலும். நல்லாத்தான் இருந்தோம்மா. அவளுக்கு ஒரு குறையும் வைக்கல நான்.

அவ கெட்டிக்காரி. அதையும் சொல்லணும். வாக்கப்பட்டு வந்தப்ப பன்னெண்டாவதுதான். நான் டியூட்டிக்குப் போன நேரத்துல அஞ்சல் வழியிலயே பி.ஏ. முடிச்சா. எனக்குத் தெரியாததுகூட அவளுக்குத் தெரியும். நாலாவது பதிப்புல ஒரு ஆத்தைக் கொண்டுபோய் வேற நாட்டுல விட்டுருந்தேன். அவதான் கண்டுபிடிச்சா. "என்னங்க, ஆறு மலையேறி ஓடுதாக்கும்?"ன்னு கேட்டா. அப்படிக் கேலி பண்ணுவா.

இந்த இன்பராசு இருக்கானே, அவன் எங்க புத்தகத்தை அப்படியே காப்பி அடிச்சான். சும்மா சொல்லல. எங்களோட அச்சுப்பிழைகூட அவன் புத்தகத்துல இருந்துச்சு. நேராப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். அவன் பல்லைக் காட்டிக்கிட்டுச் சொல்றான், "அண்ணே, ஜப்பானுக்குத் தலைநகரம் டோக்கியோன்னா அது உங்களுக்கும் டோக்கியோ, எனக்கும் டோக்கியோ. தகவலுக்கு யாருண்ணே சொந்தக்காரன்?"

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அவன் சொன்னதும் சரிதான். உண்மைக்கு எவனும் உரிமை கொண்டாட முடியாது. பொய்க்குத்தான் உரிமை கொண்டாட முடியும். நம்மளே ஒரு பொய்யை உண்டாக்கி உள்ள வச்சா? அவன் கண்ணை மூடிக்கிட்டு அடிப்பான், கையும் களவுமா மாட்டுவான். நாங்க அதுக்கு 'பொறி'ன்னு பேரு வச்சோம்.

அது ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். ஐப்பசி பாதி போயும் மழையக் காணோம். செவ்வந்தி கூடத்துல பேப்பரை விரிச்சு முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. "ஏய், ஒரு பொய் சொல்லு"ன்னேன். "எனக்கு என்னங்க பொய் தெரியும்?"னா. எந்த டப்பாவுல வைக்கலாம்னு ரெண்டு பேரும் யோசிச்சோம். சரித்திரத்துல வச்சா எவனாவது சண்டைக்கு வருவான். விஞ்ஞானத்துல வச்சா ஏதாவது பிள்ளை அதைச் செஞ்சு பாக்கும். பூகோளத்துல வச்சா தேடிக்கிட்டுப் போவாய்ங்க. அவதான் சொன்னா, "இசையில வைங்க. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்யா இருக்கட்டும்."

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அவ வாயாலதான் சொன்னா.

கையில கீரைக் காம்பு ஒன்பது இருந்துச்சு, அதான் ஒன்பது நரம்பு. மழை வரலையேன்னு இருந்தோம், அதான் மழை வேண்டி இசைச்சது. பேரு மட்டும் நான் வச்சேன். "செவ்வந்தி யாழ்"னேன். "சீ, வேற பேரு வைங்க"ன்னு கீரைக் காம்பைத் தூக்கி எம்மேல எறிஞ்சா. அப்பறம் பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி முறைப்பா வாசிச்சுக் காட்டுனா. வாசிச்சுட்டுச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அன்னைக்குச் சிரிச்ச மாதிரி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல.

அதுக்கப்பறம் ஒவ்வொரு பதிப்புக்கும் புரூஃப் பாக்குறப்ப முப்பத்தேழாவது கேள்வி வந்தா 'சரி'ன்னு டிக் போடமாட்டா. ஓரத்துல செகப்பு மையில சின்னதா ஒரு பூ வரைவா. வேற யாருக்கும் அது தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான்.

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கவா? வெயிலு மூஞ்சில அடிக்குது.

முப்பத்தெட்டாவது வயசுல அவளுக்கு ஒரு ஆசை வந்துருச்சு. ஒரு வாரியத் தேர்வு எழுதணும்னு. எந்த வாரியம்னு கேக்காதீங்க, பேரு வேணாம். இளநிலை உதவியாளர் வேலை. அதுக்கு முப்பத்தெட்டோட வயசு வரம்பு முடிஞ்சுரும், அடுத்த வருசம் எழுத முடியாது. "எதுக்குடி உனக்கு வேலை? என்ன இல்ல இங்க?"ன்னு கேட்டேன். ஞாயமான கேள்விதான? அவ சொன்னா, "ஒரு மேசைங்க. அதுமேல என் பேரு எழுதுன ஒரு பலகை. அவ்வளவுதான்." எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஆனா தடுக்கல. தடுக்குற புருசன் இல்ல நான். எழுதிக்கோன்னு சொல்லிட்டேன்.

மாசியில பரீட்சை. அன்னைக்குச் சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழட்டல, வாசல்லயே நின்னா. "என்னங்க, நம்ம பொறி வந்துருந்துச்சு"ன்னா.

எனக்குப் புரியல. வினாத்தாளை நீட்டுனா. அதே கேள்வி! எழுத்து மாறல. இன்பராசு அந்த வருசம் போட்ட புதுப் பதிப்பைப் புரட்டுனா, அதுலயும் இருக்கு. கேள்வி எடுத்தவன் எவனோ, அதைப் பாத்து அப்படியே எடுத்துருக்கான். நாலு விடை குடுத்துருந்தாய்ங்க. முதல்ல செவ்வந்தி யாழ், அப்பறம் பேரியாழ், மகர யாழ், கடைசியில 'இவற்றுள் எதுவுமில்லை'. எனக்குச் சந்தோசம் தாங்கல. குதிச்சேன்னு வைங்களேன். இன்பராசு மாட்டுனான்! இதைவிட என்ன சாட்சி வேணும்?

"நீ எதைப் போட்ட?"ன்னேன்.

"எதுவுமில்லைன்னு போட்டேன்."

"ஏன்டி, கேள்வியை எங்கேருந்து எடுத்துருப்பாய்ங்கன்னு தெரியாதா உனக்கு? அவய்ங்க எதை எதிர்பாப்பாய்ங்கன்னு யோசிக்க வேணாமா?"

அவ மொகத்தைப் பாத்தேன். வாடித்தான் இருந்துச்சு. "பொய்னு தெரிஞ்ச பெறகு அதுக்கு நேரா எப்படிங்க வட்டத்தைக் கறுப்பாக்குறது? பத்து நிமிசம் அந்த ஒரு கேள்வியிலயே உக்காந்துருந்தேன்"னா.

அப்படி ஒரு மனுசி. என்ன பண்றது சொல்லுங்க.

பங்குனியில விடைக்குறிப்பு வெளியிட்டாய்ங்க. நீங்க பரீட்சை எழுதுறவங்க, உங்களுக்குத் தெரியும். முதல்ல உத்தேச விடைன்னு போடுவாய்ங்க. ஆட்சேபணை இருந்தா ஏழு நாளுக்குள்ள ஆதாரத்தோட குடுக்கணும். நம்ம கேள்விக்கு 'செவ்வந்தி யாழ்'தான் சரின்னு போட்டுருந்தாய்ங்க. அவ கூட்டிப் பாத்தா. அந்த ஒரு கேள்வி கெடைச்சா உள்ள, கெடைக்காட்டி வெளிய. அந்த அளவுக்கு விளிம்புல நின்னா.

ஆதாரத்துக்கு எங்க போறது? இன்பராசு புத்தகத்தைப் பாத்தா இருக்கு. எம்புத்தகத்தைப் பாத்தா இருக்கு. அப்படி ஒரு கருவி இல்லைன்னு எந்தப் புத்தகத்துல போட்டுருக்கும்? இல்லாததை எவன் எழுதி வைப்பான்? ஒரே ஆதாரம் நாந்தான். "இது நான் கற்பனையா எழுதுனது, உண்மை இல்லை"ன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.

அவளே நாலு வரி எழுதிக் கொண்டாந்தா. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். சாப்பாட்டு மேசையில வச்சு, பக்கத்துல அவளோட செகப்புப் பேனாவை மூடியைக் கழட்டியே வச்சா.

நான் போடமாட்டேன்னு சொல்லலம்மா. நல்லாக் கேட்டுக்கங்க. போடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. விசயம் என்னன்னா, எங்க வெளியீட்டாளர் சங்கத்துல இன்பராசு மேல நான் புகார் குடுத்துருந்தேன். விசாரணைக் கூட்டம் அடுத்த புதன்கெழமை. ஆட்சேபணைக்குக் கடைசி நாள் அதுக்கு முந்தின திங்கள். ரெண்டே ரெண்டு நாள் வித்தியாசம். இப்பவே எழுதிக் குடுத்து அது இன்பராசு காதுக்குப் போயிருச்சுன்னு வைங்க, அவன் உசாராயிருவான். எவனாவது ஒரு புலவனைக் கூட்டியாந்து 'எனக்கு இவர் சொன்னாரு'ம்பான். பதினோரு வருசமாக் காத்திருந்த பொறி வீணாப் போயிரும். போதாததுக்குப் பதினோராவது பதிப்பு அச்சுல கெடக்கு. ஒரு பொய் இருக்குன்னு நானே எழுதிக் குடுத்தா, மத்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதை எவன் நம்புவான்?

"ரெண்டு நாள் பொறு. புதன்கெழமை முடியட்டும், நானே உங்கூட வந்து நேர்ல எழுதிக் குடுக்குறேன். மனுசங்கதான அவய்ங்களும், கேக்க மாட்டாய்ங்களா?"ன்னு சொன்னேன். அவ ஒரே ஒரு தடவை சொன்னா, "இத்தனை பதிப்பு பாத்துருக்கேன். புத்தகத்துல என் பேரு எங்கயாவது இருக்குன்னா அந்தப் பொய்யில மட்டுந்தாங்க இருக்கு. இப்ப அதுவே என்னை வெளிய தள்ளுது." நான், "பேரு போட்டாத்தான் ஆச்சா? வீட்டுக்குள்ள என்னடி பேரு?"ன்னேன். தப்பாச் சொல்லலயே? குடும்பத்துல பேசுறதுதான.

அந்த ஏழு நாளு இருக்கே. வெள்ளிக் கிரகத்து நாள்னு சொன்னேன்ல, அப்படிப் போச்சு. தாளும் பேனாவும் மேசையிலயே இருந்துச்சு. நான் தட்டை அந்தப் பக்கமா வச்சுச் சாப்பிட்டேன். அவளும் எடுக்கல, நானும் எடுக்கல. திங்கக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணி ஆனதும் அவ வந்து தாளை மடிச்சா. பேனாவை எடுத்து உதறிப் பாத்தா. மை காஞ்சுபோயிருந்துச்சு.

புதன்கெழமை கூட்டம். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லணும்! மண்டபத்துல அறுபது பேரு. செவ்வந்தியும் வந்தா, அவதான் பத்துப் பதிப்பையும் அட்டைப்பெட்டியில தூக்கிக்கிட்டு வந்தா. நான் எந்திரிச்சேன். இன்பராசு புத்தகத்தை அவன் கையிலயே குடுத்து, "தம்பி, எரநூத்துப் பன்னெண்டாம் பக்கம் வாசி"ன்னேன். உங்களை வாசிக்கச் சொன்னேன் பாருங்க, அதே மாதிரி. வாசிச்சான். "இந்த யாழைப் பத்தி எங்க தெரிஞ்சுக்கிட்ட?"ன்னேன். "பழைய நூல்ல இருக்குண்ணே"ன்னான். விட்டேன் பாருங்க ஒரு சிரிப்பு! "இது எங்க வீட்டுக் கூடத்துல கீரை உருவுறப்ப பொறந்த யாழுடா! இது பொய்! நான் உண்டாக்குன பொய்!"னு கத்துனேன்.

மண்டபமே கை தட்டுச்சு. இன்பராசு தலையைக் குனிஞ்சான். இனி அந்தப் புத்தகத்தை விக்கமாட்டேன்னு எழுதிக் குடுத்தான். எனக்குப் பொன்னாடை போத்துனாய்ங்க. கடைசி வரிசையில பாத்தேன், செவ்வந்தியும் கை தட்டிக்கிட்டு இருந்தா. எல்லாரும் நிறுத்துன பெறகும் அவ மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டே இருந்தா. அவ்வளவு பெருமை அவளுக்கு.

பெருமைதான்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடிச்சு பீரோவுல வச்சா. "அறுபது பேருகிட்ட சொன்னீங்களே, அதுல நாலு வரியைத் திங்கக்கெழமை சொல்லியிருக்கலாமே"ன்னா. கோவமாச் சொல்லல. சட்னிக்கு உப்புப் பத்தலைங்கிற மாதிரி சொன்னா. மறுநாள் நானே அவளைக் கூட்டிக்கிட்டு அந்த ஆபீசுக்குப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாத்துனேன்ல? அங்க இருந்தவரு நல்ல மனுசன்தான், முழுசாக் கேட்டாரு. "ஐயா, தேதி முடிஞ்சுபோச்சே. திங்கக்கெழமை குடுத்திருந்தா அந்தக் கேள்வியையே நீக்கியிருப்பாங்களே"ன்னு சொன்னாரு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அவ சன்னல் பக்கம் உக்காந்தா. நான் ஏதோ கேட்டேன். "சரியா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா. புரூஃப் பாக்குறப்ப சொல்லுவாளே, அதே மாதிரி.

அடுத்த மாசம் ராஜபாளையத்துல அவ அக்காவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேசன். ஒரு வாரம் ஒத்தாசையா இருந்துட்டு வர்றேன்னு போனா. வயசானவங்க, பாவம், நடக்க முடியல. அதான் செவ்வந்தி அங்கயே இருக்கா. வேற ஒண்ணும் இல்ல. சண்டைன்னு எதுவும் இல்ல எங்களுக்குள்ள. நீங்க அப்படி நெனச்சுரக் கூடாது.

எத்தனை நாளாச்சா? சித்திரை வந்தா நாலு வருசம்.

இல்லம்மா, அக்காவுக்கு இப்ப நல்லாயிருச்சு. போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போயிட்டு வந்தாங்களாம். ஆனாலும் ஒரு தொணை வேணும்ல?

மாசா மாசம் நடப்பு நிகழ்வுகள்னு ஒரு சின்னப் புத்தகமும் போடுறேன் நான். அதுக்குப் புரூஃப் பாக்கணுமே. ரெண்டாம் சனிக்கெழமை தாளைக் கட்டிக்கிட்டு இந்த பஸ்ஸுல வருவேன். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் ரூமுக்குப் பக்கத்துல நிப்பா. போன மாசத்துக் கட்டைக் குடுப்பா, இந்த மாசத்துக் கட்டை வாங்கிக்கிருவா. "சாப்ட்டீங்களா?"ம்பா. "சாப்ட்டேன்"ம்பேன். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஒரு தடவைகூட அவ வராம இருந்ததில்ல. வீட்டுக்கு வாங்கன்னும் கூப்பிட்டதில்ல, அக்கா வீடு சின்னது, அதனாலதான்.

அந்த யாழு கதை என்னாச்சு தெரியுமா? இன்பராசு ஆறு மாசம் சும்மா இருந்தான், அப்பறம் அட்டை கலரை மாத்தி மறுபடியும் போட்டுட்டான். இப்ப இன்னும் நாலு புத்தகத்துல வந்துருச்சு. ஒரு காலேஜ் விழாவுல ஒரு பேராசிரியர் அதைப் பத்தியே அரை மணி நேரம் பேசுனாரு. நான் எந்திரிச்சு, "ஐயா, அது பொய்"னேன். "ஆதாரம் இருக்கா பெரியவரே?"ன்னு கேட்டாரு. இந்த நாலு வருசத்துல தொண்ணூறு கடுதாசி எழுதிருப்பேன், அந்த வாரியத்துக்கு, பத்திரிகைக்கு, எல்லாத்துக்கும். நாலு வரிதான், அவ அன்னைக்கு எழுதுன அதே நாலு வரி. எவனும் நம்பமாட்டேங்குறான்.

அது போகட்டும். போன மாசம் பன்னெண்டாவது பதிப்போட கடைசிப் புரூஃபைப் பாத்துத் திருப்பிக் குடுத்தா. திரும்புறப்ப பஸ்ஸுலயே பிரிச்சுப் பாத்தேன். முப்பத்தேழாவது கேள்விக்கு நேரா பூவு இல்ல. குறுக்க ஒரு செகப்புக் கோடு, ஓரத்துல 'நீக்கவும்'னு எழுதிருந்துச்சு. கடைசித் தாளோட அடியில, "இதோட முடிச்சுக்கிறேன். இனி வேற ஆளைப் பாத்துக்கங்க"ன்னு.

அந்த ரெண்டு வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாதும்மா. வேற ஆளு எங்க இருக்கு எனக்கு? அச்சகத்துலயே ஆளு வச்சுருக்காய்ங்க, கம்ப்யூட்டரே தப்பைக் காட்டுது, பாக்குறதுக்கு ஆளு கெடைக்கும். ஆனா எனக்கு... ரெண்டாம் சனிக்கெழமை நான் எங்க போவேன்?

இந்தா, இதுதான் பன்னெண்டாவது பதிப்பு. நேத்துத்தான் பைண்டிங் முடிஞ்சுச்சு. அவகிட்ட குடுக்கத்தான் கொண்டுபோறேன். நீங்க பாருங்க. அந்தக் கேள்வியா? இருக்கு. நீக்கல. அவ நீக்கச் சொல்லித்தான் எழுதிருந்தா, ஆனா எனக்கு மனசு வரல. யோசிச்சுப் பாருங்க, அதை எடுத்துட்டா எம்புத்தகத்துல அவ பேரே இல்லாமப் போயிருமே. பன்னெண்டு பதிப்பு பாத்தவ. அவ பேரு ஒரு எடத்துலயாவது இருக்க வேணாமா? அதைச் சொல்லத்தான் போறேன். சொன்னாப் புரிஞ்சுக்கிருவா.

என்ன சொன்னீங்க?

சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.

மொதப் பக்கத்துலயா?

'மெய்ப்புப் பாத்தவர் செவ்வந்தி'ன்னு மொதப் பக்கத்துல...

ஆமா. எம்பேரு போட்டுருக்கே, அதுக்குக் கீழ. எடமும் இருக்கு. இந்தா, இவ்வளவு எடம் வெள்ளையாத்தான் கெடக்கு.

அது எனக்குத் தோணவே இல்லையேம்மா. பத்தாயிரம் கேள்விக்குப் பதில் வச்சிருக்கேன். இது எனக்குத் தோணவே இல்லையே.

மூவாயிரம் பிரதி கட்டியாச்சு. எல்லாம் அச்சாயிருச்சு. இனி என்ன பண்றது? இருங்க. உங்ககிட்ட பேனா இருக்கா? குடுங்க. இந்த ஒண்ணுலயாவது எழுதிக் குடுத்துருறேன். பஸ்ஸு ஆடுது, எழுத்து கோணலாப் போகுது. பரவால்ல. அவ எத்தனை கோணல் எழுத்தைத் திருத்திருக்கா. செ... வ்... அதென்ன ஊரு, சீவில்லிபுத்தூர் தாண்டியாச்சா? அப்ப கிட்டத்துல வந்துருச்சு. அந்தக் கேள்வியையும் அடிச்சுருறேன். எரநூத்துப் பன்னெண்டு. அவ போட்ட மாதிரியே குறுக்க ஒரு கோடு. ஆச்சு. அடிச்சுட்டேன்.

அதோ பஸ் ஸ்டாண்டு. உங்க பக்கத்து சன்னல் வழியா நல்லாத் தெரியும், எனக்காகக் கொஞ்சம் பாருங்கம்மா. டைம் கீப்பர் ரூமு தெரியுதா? அதுக்கு எடது பக்கம், தண்ணித் தொட்டிகிட்ட. கொஞ்சம் ஒல்லியா இருப்பா. கையில மஞ்சப் பை வச்சிருப்பா.

இல்லையா?

நல்லாப் பாருங்க. பஸ்ஸு மறைச்சுக்கிட்டு இருக்கும். அது நகரட்டும்.

மணி என்ன ஆச்சு? பஸ்ஸு சீக்கிரமா வந்துருச்சோ? பதினொண்ணு பத்தா? அப்ப லேட்டாத்தான் வந்துருக்கு.

இல்லம்மா, நீங்க எறங்குங்க, உங்களுக்கு வேலை இருக்கும். நான் அந்த ரூமுகிட்ட நிக்கிறேன். எப்பவும் அவதான வந்து எனக்காக நிப்பா. இன்னைக்கு நான் நிக்கிறேன். ஞாயந்தான?

இந்தாங்க, உங்க பேனா. மூடியைப் போட்டு வைங்கம்மா. காஞ்சுபோயிரும்.